தாய்மாமனைச் சுற்றி வெள்ளை இடம்

டிசைன் படிக்க வரும் முதலாண்டு மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது எழுத்தை அல்ல, காலி இடத்தை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது லேசில் இறங்காது. காதுகுத்துக்கு வைக்கும் பிளெக்ஸிலேயே பங்காளிகள் அத்தனை பேரும் கும்பிட்டபடி நிற்பார்கள்; ஒரு முகம் விட்டுப்போனால் இலையைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற ஊர் இது. அந்தப் பிள்ளைகளிடம் போய், "காலியா விடுங்கப்பா, கண்ணுக்குக் காத்து வேணும்" என்று வருடா வருடம் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

ஒருத்தி கேட்டுக்கொண்டாள். திருச்செங்கோட்டுப் பெண். இதெல்லாம் ஒரு படிப்பா என்று அவள் அப்பா பி.காம். சேர்க்கப் பார்த்தார். தாய்மாமன்தான் சண்டை போட்டு எங்கள் கல்லூரியில் சேர்த்துவிட்டார். போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். புது வண்டிக்குப் பூஜை வந்ததும், ஊர் முழுக்க ஒட்டும் போஸ்டரை அக்கா மகளே செய்யட்டும் என்று சொல்லிவிட்டார். "அதையும் பாக்கலாம். சரியா வரலீன்னா அரையாண்டோட நிறுத்திருவேன்" என்றார் அப்பா.

அவள் பயந்துகொண்டே போஸ்டரை என்னிடம் கொண்டுவந்தாள். பெரிய வெள்ளைத் தாள். மேலே ஓர் ஓரத்தில் மாமாவின் கறுப்பு வெள்ளைப் படம்; வண்டியின் உயரத்தை அண்ணாந்து பார்க்கும்போது எடுத்தது. வண்டி படத்தில் இல்லை. "அதைப் பாக்கறவங்களே நெனைச்சுக்கட்டும் சார்" என்றாள். கீழே கெட்டியான எழுத்தில் அவர் பெயர். அடியில் மெல்லிய எழுத்தில் பூஜை விவரம். நான் பூரித்துப்போனேன். வகுப்பில் எல்லோருக்கும் காட்டிக் கைதட்டவும் வைத்தேன்.

விடியற்காலையில் ஒட்டினார்கள். நான் வகுப்பில் இருந்தபோது அவளிடமிருந்து போன்.

"சார், மாமா ஊட்டுக்கு மாலையா வருதுங்க சார்."

"புது வண்டின்னா வரத்தானே செய்யும்?"

"அழுதுட்டே கொண்டுட்டு வாராங்க சார்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர்ச் சுவரில் ஒரு மனிதர் கறுப்பு வெள்ளையில், சுற்றிலும் ஒரு சொந்தக்காரர்கூட இல்லாமல், வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு ஒரே பொருள்தான். அடியில் கிடக்கும் மெல்லிய எழுத்தை வண்டியில் போகிறவன் எவன் படிப்பான்?

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வாசலில் செருப்புக் குவியல். பள்ளிபாளையத்திலிருந்து வேன் பிடித்து வந்த பெண்கள், டீ குடித்துக்கொண்டிருந்த மாமாவைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். ஆள் உயிரோடு இருப்பது தெரிந்த பிறகும், ஆரம்பித்த அழுகையைப் பாதியில் விட அவர்களுக்கு மனசு வரவில்லை. யாரோ பந்தல்காரருக்கும் சொல்லியிருந்தார்கள். அவர் யாரையும் ஒன்றும் கேட்காமல் நாற்காலிகளை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க சாருங்க, இதைத்தான் சொல்லிக் குடுக்கறீங்களா? நாளையில இருந்து புள்ள வராதுங்க."

அவள் சுவரோரம் விசும்பிக்கொண்டு நின்றாள். பாவமாக இருந்தது.

மாமா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். மூலையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரைக் காட்டினார். "எங்க அண்ணனுங்க. வரப்புத் தகராறுல பேச்சு வார்த்தையே இல்லீங்க. என் கண்ணாலத்துக்குக்கூட வரலீங்க. இன்னிக்குத் தெருமுனையில இருந்தே அழுதுட்டு வந்தாருங்க."

பிறகு அவள் அப்பாவிடம், "மச்சான், புள்ள அங்கியே படிக்கட்டும்" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு எதிராகப் பேச யாருக்கும் துணிவில்லை.

"சாமி, இங்க வா" என்று அவளைக் கூப்பிட்டார். "நாளைக்கு நெசமாவே நான் போய்ச் சேந்தாலும் போஸ்டர் நீதான் பண்ணோணும். அதுல எல்லாக் கலரும் போடு. பங்காளி மொகம் ஒண்ணு உடாம போடு. ரிக் வண்டியையும் போடு. பாக்கறவன் நான் எங்கியோ பூஜை போட்டுட்டு இருக்கறேன்னு நெனைக்கோணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத்தனையும் போட்டா வெள்ளை இடமே இருக்காதுங்களே மாமா" என்றாள்.