மதினிக்குப் பிடிக்காத படம்

அந்த முதல் வீடியோவில் மதினியின் தலைமுடி ஈரமாக இருக்கும். குளித்துவிட்டு, துண்டைக் கொண்டையில் முறுக்கிச் சுற்றியபடி அடுக்களையில் நின்றவளை, மிக்சி ஜாரில் கைபேசியைச் சாய்த்து வைத்து நான்தான் எடுத்தேன். முந்தின நாள் ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில் நாங்கள் இருவரும் பார்த்த படத்தைப் பற்றி அவள் பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்க் கதை என்று விளம்பரம் செய்யப்பட்ட படம். "பேச்சுக்குப் பேச்சு ஒரு ஏலே போட்டா திருநெல்வேலி ஆயிருமாக்கும்? படத்துல சுவருக்குச் சுவரு அருவா தொங்குது. எங்க வீட்ல தேங்கா வெட்டவே பக்கத்து வீட்டுல கேட்டுத்தான் வாங்குதோம்" என்றாள். அந்த நேரம் குக்கர் விசிலடித்தது. "செத்த இரு, பேசிட்டுத்தான இருக்கேன்" என்று அவள் குக்கரைப் பார்த்து அதட்டினாள். அந்த அதட்டலை வெட்ட வேண்டாம் என்று அவளே சொன்னாள். இணையத்தில் போட்டபோது அதற்காகவே அந்த வீடியோவைப் பலர் பார்த்தார்கள்.

மதினி என் அண்ணனின் மனைவி. சேரன்மகாதேவியில் பிறந்து தச்சநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். மெயின் ரோட்டில் கீழே அண்ணனின் டைல்ஸ் கடை, மாடியில் வீடு. நாங்குநேரியில் ஒரு வங்கியில் வேலை பார்த்த நான், அவளுடைய நாத்தனார், அப்போது அவர்களோடுதான் இருந்தேன். எனக்கு எந்தப் படம் பார்த்தாலும் பிடித்துவிடும். இசையும் அழுகையும் சரியாக வந்தால் போதும், மனம் நிறைந்து வெளியே வருவேன். மதினி அப்படியில்லை. சாயங்காலத் தொடரில் மாமியார் ஒட்டுக் கேட்கும் காட்சி வந்தால், "இத்தன பெரிய பங்களா கட்டுனவன் கதவுக்குத் தாப்பா வைக்க மறந்துட்டானே" என்பாள். எல்லோரும் திட்டிய ஒரு படத்தை, அதில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண் செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டாள் என்பதற்காக, ஒரு வாரம் புகழ்ந்தாள். "அந்தப் பிள்ளைக்கு நெசமாவே கால் வலிக்கு. எடுத்தவன் கவனிச்சிருக்கான்" என்றாள். அவளோடு பார்க்கத் தொடங்கிய பிறகுதான் நானும் திரையை ஒழுங்காகப் பார்க்கப் பழகினேன்.

என் மடிக்கணினியில் ஒரு துப்பறியும் விளையாட்டு இருந்தது. ஒரு தீவு, ஒரு கலங்கரை விளக்கம், காணாமல் போன ஒரு மருத்துவர். கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று நம்மிடமே கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் இருவரும் தரையில் உட்கார்ந்து விளையாடுவோம். எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதில் எங்களுக்குள் சண்டை வராத நாளில்லை. "சமையக்காரிய கொலகாரின்னு முடிச்சான்னா இத மூடிட்டு எந்திரிச்சிருவேன், பாத்துக்க. யோசிக்கச் சோம்பப்பட்டவந்தான் அப்படி எழுதுவான்" என்றாள். மருத்துவரின் தம்பிதான் குற்றவாளி என்று தெரிந்தபோது தொடையில் தட்டி அவள் சிரித்தது கீழே கடை வரைக்கும் கேட்டது. என்ன ஏது என்று அண்ணன் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனான். அவனுக்கும் அந்தச் சிரிப்பு பிடித்துத்தான் இருந்தது. வீடியோக்களைக் கடைக்கு வருகிறவர்களிடம் அவனே எடுத்துக் காட்டுவான். "நம்ம வீட்டம்மா. படத்தப் பிரிச்சு மேஞ்சிருவா" என்று சொல்லும்போது அவன் குரலில் பெருமை இருக்கும்.

பிறகு ஒரு பெரிய நடிகரின் படம் வந்தது. அதில் நாயகன் மனைவியைக் கன்னத்தில் அறைகிறான். அறை வாங்கியவள் அன்றிலிருந்து திருந்தி, அவன் காலைத் தொட்டுக் கும்பிடுகிறாள். தியேட்டரே கைதட்டியது. மதினி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "எடுட்டி போன" என்றாள். துண்டு இல்லை, குக்கர் இல்லை, சிரிப்பும் இல்லை. "அறைஞ்சா அன்பு வரும்னு சொல்லுதாவ. அப்படின்னா இந்தப் படத்த எடுத்தவருக்கு யாராவது போயி கொஞ்சம் அன்பு காட்டுங்க. அந்த அறைக்குக் கைதட்டுன ஆம்பளைய எல்லாரும் வீட்டுக்குப் போயி உங்க பொம்பளைய மொகத்த ஒருக்காப் பாருங்க" என்றாள்.

அது பரவியது. எங்கெங்கோ இருந்த பெண்கள், தங்கள் வீட்டில் நடப்பதை மதினி அப்படியே சொன்னதாக எழுதினார்கள். மறுநாளிலிருந்து அந்த நடிகரின் ரசிகர்கள் வந்தார்கள். அவர்கள் எழுதியதை இங்கே சொல்ல என் கை கூசுகிறது. மதினி எல்லாவற்றையும் வாசித்தாள். "பிழையில்லாம ரெண்டு வரி எழுதத் தெரியல, இவனுவ நமக்கு ஒழுக்கம் சொல்லித் தாரானுவ" என்று சொல்லிக்கொண்டே காய் நறுக்கினாள். அவள் பயப்படவில்லை. அதை நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் யாரோ கடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு காலை வேளையில் வெள்ளைச் சட்டை போட்ட நாலைந்து பேர் வந்து, டைல்ஸ் மாதிரிகளைத் தடவிப் பார்த்து, டீ குடித்து, மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். "அண்ணாச்சி, நீங்க தொழில் பண்ணுத ஆளு. பயலுவ எல்லாரும் கொதிச்சுப் போயி இருக்கானுவ. எங்களால எத்தன நாளைக்குப் பிடிச்சு வைக்க முடியும்? வீட்ல கொஞ்சம் பைய எடுத்துச் சொல்லுங்க." கடை முழுக்கக் கண்ணாடி முகப்பு. போகும்போது ஒருவன் அதை விரல் முட்டியால் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனான்.

அண்ணன் மேலே வந்தான். அவன் மதினியை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை. "நீ சொன்னது சரியா தப்பான்னு நான் கேக்கல. கட ரோட்டு மேல இருக்கு" என்றான். "மன்னிப்புக் கேட்டு ஒண்ணு போட்டுரு."

"நான் எதுக்குங்க மன்னிப்புக் கேக்கணும்? படம் பாத்தேன், பிடிக்கல. பிடிக்கலன்னு சொன்னேன்."

"பிடிக்கலன்னா மனசுக்குள்ள வச்சுக்கிட வேண்டியதுதான?"

காவல் நிலையத்துக்குப் போவோம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "நீ சும்மா கெட. நாளைக்குக் கண்ணாடி ஒடைஞ்சா அவுகளா வந்து மாட்டித் தருவாவ?" என்றான். என்னைக் கைபேசியை எடுக்கச் சொன்னான். மாட்டேன் என்றேன். அவனே எடுத்தான்.

முதல் தடவை மதினி ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "இப்படிச் சொன்னா கேலி பண்ணுதன்னு நெனப்பாவ" என்று அண்ணன் அழித்தான். இரண்டாம் தடவை வருந்துகிறேன் என்ற இடத்தில் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அதையும் அழித்தான். மூன்றாம் தடவை அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, பார்வையைத் தாழ்த்தி, குரல் லேசாகத் தழுதழுக்க, தெரியாமல் பேசிவிட்டேன், உங்கள் சகோதரியாக நினைத்து மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். முடித்ததும் என் பக்கம் திரும்பி, "இப்பம் நம்புத மாதிரி இருந்துச்சுல்லா?" என்று கேட்டாள். நடிப்பைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான்.

மன்னிப்புக்குக் கிடைத்த பாராட்டு கொஞ்சநஞ்சமல்ல. பண்பான பெண் என்றார்கள். தமிழச்சி என்றார்கள். முன்பு தங்கள் வீட்டுக் கதையை எழுதிய பெண்களில் ஒருத்தி மட்டும், "நீங்களுமா அக்கா?" என்று கேட்டிருந்தாள். மதினி அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைபேசியை என்னிடம் கொடுத்து, எல்லா வீடியோக்களையும் மொத்தமாக அழித்துவிடச் சொன்னாள். குக்கரை அதட்டியதும் அதோடு போயிற்று.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அந்த விளையாட்டை உருவாக்கியவர்களின் புதிய கதை ஒன்றைத் திறந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் திருப்பம் வந்ததும், "எத அமுக்க மதினி?" என்று கேட்டேன். "எதையாவது அமுக்கு. எல்லாம் ஒண்ணுதான்" என்றாள். எனக்கு அன்று வந்த கோபம் யார் மேல் என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் மேல், வெள்ளைச் சட்டைக்காரர்கள் மேல், தியேட்டரில் கைதட்டியவர்கள் மேல். கொஞ்சம் அவள் மேலும்.

எனக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றலானதைச் சாக்காக வைத்துத் தனியாக வீடு பார்த்துக்கொண்டேன். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது கூடத்தில் சுவர் நிறைய ஒரு புது டிவி. மதினிக்காக அண்ணன் ஆசையாக வாங்கியது. ஏதோ புதுப்படம் போட்டார்கள். படுமோசமான படம். எனக்கே பிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மதினி கடைசிவரை அசையாமல் உட்கார்ந்து பார்த்தாள். விளம்பர இடைவேளையில் அண்ணன் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். படம் முடிந்ததும் தாங்க முடியாமல் கேட்டுவிட்டான்: "எப்படிட்டி இருக்கு படம்? எதையாவது சொல்லேன். முன்னெல்லாம் எவ்வளவு பேசுவ!"

அவன் நெஞ்சாரத்தான் கேட்டான். வீட்டில் அந்தப் பேச்சு இல்லாமல் போனது அவனுக்கும் உறைத்திருந்தது.

மதினி அவன் முகத்தைப் பார்த்தாள். புருவத்தை, வாயை, கண்ணை, அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக. படத்தைக்கூட அவள் அத்தனை கவனமாகப் பார்க்கவில்லை. அவனுக்கு எந்தப் பதில் வேண்டியிருக்கிறது என்று அங்கே தேடிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?" என்று கேட்டாள்.