ஏழு பொத்தான் விற்பனைக்கு

பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிற வேலை என்பதால் அவளுக்கு டோக்கன் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "எனக்குத்தான் முதல்ல" என்று சண்டைக்கு வருகிறவரையும் சிரித்துப் பேசி நாற்காலியில் உட்காரவைத்துவிடுவாள். யாருக்கு நிஜமான வலி, யாருக்கு வெறும் அவசரம் என்று முகத்தைப் பார்த்தே சொல்வாள்.

வெப்சைட் பெயர்களை வாங்கிவைக்கும் பழக்கம் அவளுக்கு ஐந்து வருடங்களுக்கு முன்னால் தொற்றியது. முதல் வருடம் ஒரு டீ விலைக்குத் தருகிறோம் என்று போனில் விளம்பரம் வந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டாள். ஒன்று இரண்டாகி, இரண்டு ஒன்பதானது. எதிலும் ஒரு பக்கம்கூடக் கட்டவில்லை. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் மட்டும் தவறாமல் வந்தது.

"மாடே இல்லாத வீட்டுல ஒன்பது கயிறு" என்பான் பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன்.

"நீங்க மட்டும்? மாடியில கிடக்குற மூணு பழைய டயருக்கு என்ன வேலையாம்?"

"டயர்ல ஊஞ்சலாவது கட்டலாம். நீ வாங்கி வச்ச பேர்ல என்ன கட்டுவ?"

பதில் இல்லாததால்தான் விற்றுவிடுவது என்று முடிவு செய்தாள். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரிடம் கேட்டாள். "வித்துத் தர்றேன். வர்றதுல பாதி எனக்கு" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதானே பாதி கேக்குறீங்க?"

"தெரிஞ்சவங்க யாரும் என்கிட்ட வர்றதில்லையேம்மா!"

அந்த ரோஷத்தில் தானே உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இதில் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. பெயரைப் பதிவு செய்த தளத்திலேயே 'விற்பனைக்கு' என்றொரு கட்டம் இருந்தது. அதைத் தொட்டு இமெயிலைக் கொடுத்தால் போதும். யாராவது அந்த முகவரியைத் திறந்தால், 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்ற அறிவிப்பும் விலை கேட்டு எழுத ஒரு பெட்டியும் வரும். விற்பவர் யார் என்று தெரியாது. பேரம் படிந்தால் பெயரின் பூட்டைத் திறந்து, ஒரு ரகசிய எண்ணை வாங்குகிறவருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். மத்தியான இடைவேளையில், ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவோடு, 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்பதை அழுத்தினாள். ஒன்பதும் கடைக்குப் போயின.

அகர வரிசைப்படி அதில் ஆறாவது வரியில் இருந்தது 'ஏழு பொத்தான்'.

அவள் அப்பா மூட்டை தூக்கியவர். சாக்கு உரசி உரசிச் சட்டைப் பொத்தான்கள் அறுந்துகொண்டே இருக்கும். எட்டு வயதுத் தங்கை கையில் கிடைத்த பொத்தானையெல்லாம் தைத்துவைப்பாள். ஒரே சட்டையில் ஏழு பொத்தான், ஏழு ஜாதி. "நாம தையல் கடை வச்சா ஏழு பொத்தான்னுதான் பேரு" என்று அக்காளும் தங்கையும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். தங்கை வளர்ந்து வேறு ஊரில் ஆயத்த ஆடை ஆலைக்குப் போனாள். அவள் கடை திறக்கும் நாளில் கையில் கொடுக்க வேண்டும் என்று அக்கா யாரிடமும் சொல்லாமல் முதன்முதலில் வாங்கியதே அந்தப் பெயரைத்தான். வருடங்கள் போயின. கடை பற்றிய பேச்சு நின்றது. பரிசாக வாங்கியது ஒன்பதில் ஒன்றானது.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. 'ஐயா, இந்தப் பெயர் வேண்டும். சின்னத் தொழில். குறைத்துச் சொல்லுங்கள்.' கீழே பெயர் இல்லை. ஆர்டர் எடுப்பதற்கென்று யாரோ புதிதாகத் தொடங்கிய இமெயில்.

"பொத்தான் கம்பெனிக்காரனா இருப்பான். விடாதே" என்றான் கணவன். நேற்றுவரை கயிறு என்றவன்.

பேரம் பேசுவது எப்படி என்று வீடியோ பார்த்தாள். உடனே பதில் போடாதே, சொந்தப் பெயரைச் சொல்லாதே, பெரிய நிறுவனம் போலப் பேசு என்றது அது. மூன்று நாள் காக்கவைத்துவிட்டு, ஒரு மாதச் சம்பளத்தை விலையாகச் சொல்லி, 'விற்பனைப் பிரிவு' என்று கையெழுத்திட்டாள். ஒரே ஆள் ஒரு பிரிவானதில் அவளுக்கே சிரிப்பு வந்தது.

'அவ்வளவு முடியாது ஐயா. ஆனால் இது எனக்கு மிகவும் வேண்டிய பெயர்' என்று பதில் வந்தது.

மனசு ஒட்டிய பெயருக்கு விலையை ஏற்றலாம் என்று வீடியோ சொல்லியிருந்தது. ஏற்றினாள். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவளுக்கு ஒரு நரம்புகூட ஆடவில்லை. உலகத்தில் இரண்டே தலைக்குள் இருந்த பெயர் அது. அதைக் கேட்டு வேறு யார் வருவார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

இரண்டு மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். "அக்கா, கடை வச்சுட்டேன்! போர்டு மாட்டுற வரைக்கும் உனக்குச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை வந்துரு."

போனாள். ஒற்றை அறை, இரண்டு தையல் மிஷின், சுவரோரமாகத் துணிச் சுருள்கள். வாசலில் 'நவீன தையலகம்' என்ற பலகை.

"என்னடி பேரு இது? நம்ம பேரு என்னாச்சு?"

"அதை எவனோ வாங்கி வச்சிருக்கான்க்கா. ஆன்லைன்லயும் ஒரே பேரா இருக்கட்டும்னு கெஞ்சிப் பார்த்தேன். விற்பனைப் பிரிவாம், பெரிய துரை! கெஞ்சக் கெஞ்ச விலையை ஏத்துறான். கூடப் பிறந்தவங்க யாரும் இல்லாதவனா இருப்பான்." மிஷினை ஓட்டிக்கொண்டே சொன்னாள் தங்கை.

அக்காவின் கை துணிச் சுருள் மேல் அப்படியே நின்றது. சொல்லாமலே திரும்பிவிடலாம். இரவோடிரவாகப் பெயரை மாற்றிக் கொடுத்து, எவனோ மனம் மாறினான் என்று நம்பவைக்கலாம். அதைத்தான் யோசித்தாள். ஆனால் தங்கை முகத்தைப் பார்த்தபோது வாய் தானாகத் திறந்தது.

"அது நான்தான்டி."

தங்கை முதலில் சிரித்தாள். பிறகு மிஷினை நிறுத்தினாள்.

"உனக்குக் குடுக்கத்தான் வாங்கினேன். சத்தியமா. கடை திறக்கிற அன்னிக்கு..."

"கடை திறந்தாச்சுக்கா."

"பேரை இப்பவே மாத்தித் தர்றேன். காசெல்லாம் வேணாம்."

"இந்தப் பேர்ல ஆயிரம் லேபிள் அடிச்சாச்சு." பாதி தைத்த துணியை மடித்து வைத்தாள். "யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? உன்னைப் போய் ஐயா, ஐயான்னு கெஞ்சியிருக்கேன்."



அந்த வாரமே பூட்டைத் திறந்து ரகசிய எண்ணை அனுப்பினாள். 'வந்துருச்சு' என்று ஒரு வார்த்தை பதில். பெயர் இப்போது தங்கையின் கணக்கில் இருக்கிறது. டோக்கன் கூட்டம் குறைந்த நேரங்களில் அக்கா போனில் அந்த முகவரியைத் திறந்து பார்க்கிறாள். விற்பனை அறிவிப்பு போய்விட்டது. அந்த இடத்தில் எதுவும் வரவில்லை. கடையின் பக்கத்தை எப்போது போடுவாய் என்று தங்கையிடம் கேட்கும் உரிமை தனக்கு இன்னும் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.