டைட்டானிக்கும் ஆகாயக் கப்பலும் நசீர் நானாவின் படகும்

1. அழைப்பு

ஆபத்து அழைப்பு எப்படி வரும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். ‘மேடே’ என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். பிறகு படகின் பெயர், நிற்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். என் சேவைக் காலம் முழுவதும் அந்த ஒழுங்கில் ஓர் அழைப்பும் எனக்கு வந்ததில்லை. வந்தது ஒன்றே ஒன்று. அது இப்படித்தான் தொடங்கியது:

“மிஸ், நீங்க இரிக்கீங்களா?”

திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல்களோடும் படகுகளோடும் ரேடியோவில் கதைக்கிற கன்ட்ரோல் அறையில் ஓப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீடு அன்புவழிபுரத்தில். இந்த வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் சிலர், “அக்கா, அந்த விபத்தைப் பற்றி எழுதித் தாங்கோவன்” என்று கேட்டார்கள். வாசித்தால் தைரியம் வரும் என்று நினைத்துக் கேட்டிருக்கலாம். தைரியம் தருகிற கதை என்னிடம் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

2. வகுப்பு

விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னர் கொழும்பிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார். முன்னர் கப்பலில் கப்டனாக இருந்த மனிதர். பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு விபத்துகளைச் சொன்னார்.

முதலாவது டைட்டானிக். எல்லாருக்கும் தெரிந்த கதை என்று நாங்கள் நினைத்தோம். அவர் ரேடியோவை மட்டும் எடுத்துச் சொன்னார். பனிக்கட்டிக்கு நடுவில் நின்றுவிட்டோம் என்று அருகில் இருந்த ஒரு கப்பல் செய்தி அனுப்பியது. பயணிகளின் தந்திகளை அனுப்பிக்கொண்டிருந்த டைட்டானிக் ஓப்பரேட்டர், ‘குறுக்கே வராதே, வேலையாக இருக்கிறேன்’ என்று பதில் கொடுத்தார். மற்றக் கப்பல்காரர் கருவியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போனார். பிறகு டைட்டானிக் உதவி கேட்டுக் கூப்பிட்டபோது, அருகில் நின்ற அந்தக் கப்பலில் கேட்க ஆளில்லை. டைட்டானிக்கிலிருந்து வானத்தில் விட்ட வெளிச்ச வாணங்களை அதன் மேல்தளத்தில் நின்றவர்கள் கண்டார்கள். ஆனால் அது எதற்கு என்று அவர்களுக்கு விளங்கவில்லை. டைட்டானிக் மூழ்க இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அவ்வளவு நேரம் இருந்தும் ஆயிரத்தைந்நூறு பேரளவில் செத்தார்கள்.

இரண்டாவது ஹிண்டன்பேர்க். கடலில் போகிற கப்பல் அல்ல. வாயு நிரப்பி வானத்தில் மிதக்கவிட்ட பயணிகள் கப்பல். ஜெர்மனியிலிருந்து புறப்பட்டு அமெரிக்காவில் இறங்கும்போது தீப்பிடித்தது. அரை நிமிடமளவில் எல்லாம் எரிந்து விழுந்தது. ஆனாலும் அதில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் குதித்தும் ஓடியும் தப்பினார்கள். அது இறங்குவதை ஒலிப்பதிவு செய்ய வந்த வானொலி அறிவிப்பாளர் ஒருவர் மைக்கின் முன்னால் நின்றபடியே அழுதுவிட்டார். அந்த அழுகுரலை உலகமே கேட்டது.

“ஒண்டில கூப்பிட்டாங்கள், கிட்ட நிண்டவன் கேக்கேல்லை,” என்றார் விரிவுரையாளர். “மற்றதில எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டாங்கள், செய்ய ஒண்டும் இல்லை. ரேடியோவில இருக்கிற உங்களுக்கு இதில எது பயம்?”

“ரெண்டாவதுதான் சேர்,” என்றேன். “பாத்துக்கொண்டு சும்மா நிக்க ஏலாது.”

அவர் தலையை ஆட்டினார். “ஆனா ரெண்டும் வீண்போகேல்லை பிள்ளையள். டைட்டானிக்குக்குப் பிறகு, ஏறுற எல்லாருக்கும் உயிர்காப்புப் படகில இடம் இருக்கோணும், ரேடியோவை இரவு பகலா ஆள் இருந்து கேக்கோணும் எண்டு சட்டம் வந்தது. ஹிண்டன்பேர்க்குக்குப் பிறகு, அந்த மாதிரிக் கப்பலில ஆக்களை ஏத்துறதையே விட்டிட்டாங்கள். செத்தவை சும்மா சாகேல்லை.”

அந்தக் கடைசி வசனம் எனக்குப் பிடித்திருந்தது.

3. சேனல் பதினாறு

நசீர் நானா கிண்ணியாவைச் சேர்ந்தவர்; அங்கே அண்ணனை நானா என்பார்கள். திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களைக் கொட்டியாரக் குடாவுக்கு வெளியே படகில் கூட்டிப் போவார். பல வருடமாக அவருடைய குரல் எனக்குப் பழக்கம், முகத்தைக் கண்டதில்லை. கடல் எப்படி, காற்று எப்படி என்று சொல்லுவார். நோன்பு நாளில் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். பெருநாளன்று, “மிஸ், வட்டிலாப்பம் ரேடியோவால அனுப்ப ஏலாதே” என்று சிரிப்பார்.

அன்று காலை, கோயிலுக்கென்று வவுனியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிப் போயிருந்தார். பிள்ளைகள், பெண்கள், வயதானவர்கள் என்று படகு நிறைய ஆட்கள். கடல் குழப்பமாக இருக்கவில்லை. வெயில் நன்றாக ஏறிவிட்டது. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

“இருக்கிறன் நானா, சொல்லுங்கோ.”

“எஞ்சின் பூட்டின பின்பலகை வெடிச்சிட்டு மிஸ். தண்ணி உள்ள வருது. அள்ளி ஊத்துறம், காணாது.”

அவர் நின்ற இடத்தைக் கேட்டு, ஒரு கையால் தொலைபேசியை எடுத்து மீட்புப் படகுக்குச் சொன்னேன். அது உடனே புறப்பட்டது. பக்கத்துக் கரையோரக் கிராமமான சல்லியில் மீனவர் சங்கத் தலைவரின் நம்பர் என்னிடம் இருந்தது. அவரும் இரண்டு படகுகளை இறக்கினார். ஒருவரும் சுணங்கவில்லை. ஆனால் குடாவைத் தாண்டி அவ்வளவு தூரம் போய்ச் சேர நேரம் எடுக்கும்.

“லைஃப் ஜாக்கெட் எல்லாரும் போட்டிட்டினமோ?”

“புள்ளைகளுக்குப் போட்டிட்டன். பெரியாக்களுக்குக் காணாது மிஸ்.” பின்னால் யாரோ அழுகிற சத்தம். பிறகு அவருடைய குரல் திடீரென்று தெளிந்தது. “மிஸ், பக்கத்தில பெரிய கப்பல் ஒண்டு நங்கூரம் போட்டு நிக்கிது. மேல ஆக்கள் நடக்கிறது தெரியுது. அவங்களக் கூப்பிடுங்க!”

அந்தச் சரக்குக் கப்பலை எனக்குத் தெரியும். உள்ளே வர இடம் கிடைக்கும் வரைக்கும் வெளியே காத்து நின்ற வெளிநாட்டுக் கப்பல். முதல் நாள்தான் அதோடு கதைத்திருந்தேன். எல்லாக் கப்பல்களும் எந்நேரமும் கேட்க வேண்டிய பதினாறாம் சேனலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டேன். வேறு சேனலில் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் நிற்கிற எல்லாக் கப்பல்களுக்கும் என்று பொதுவாகவும் கூப்பிட்டேன். கப்பலின் ஏஜென்டுக்குப் போன் எடுத்தேன். அது அடித்துக்கொண்டே இருந்தது.

“நானா, கையைக் காட்டுங்கோ. துணியைக் காட்டுங்கோ. அவை காணட்டும்.”

“காட்டுறம் மிஸ். எல்லாரும் காட்டுறம்.” பிறகு சொன்னார்: “அவங்களும் கையைக் காட்டுறாங்க மிஸ்.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. திமிங்கிலம் பார்க்கப் போகிற படகுகள் தினமும் அந்தக் கப்பல்களுக்குக் கிட்டவாகப் போகும். படகில் இருப்பவர்கள் கையசைப்பார்கள். மாதக்கணக்கில் கடலில் கிடக்கிற மாலுமிகளும் சந்தோஷமாகக் கையசைப்பார்கள். அன்றும் அப்படித்தான் அசைத்தார்கள்.

இதை நான் நசீர் நானாவிடம் சொல்லவில்லை. “மீட்புப் படகு வருகுது நானா. சல்லிப் படகுகளும் வருகுது,” என்றேன்.

“மிஸ், நீங்க கதைச்சிட்டே இரிங்க. உங்கட சத்தம் கேட்டா இவங்க அழாம இரிக்காங்க.”

கதைத்தேன். பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கோ என்றேன். ஒருவர் கையை ஒருவர் விட வேண்டாம், பிளாஸ்டிக் கானோ பெட்டியோ மிதக்கிற எதையாவது பிடியுங்கோ என்றேன். மீட்புப் படகு இப்போது எவடத்தில் வருகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். குரலை உயர்த்தவில்லை. நடுங்க விடவுமில்லை. அவருடைய பக்கத்திலிருந்து பிறகு ஒரு பதிலும் வரவில்லை. நான் நிறுத்தவில்லை. ரேடியோ நனைந்திருக்கலாம், கேட்க மட்டுமாவது முடியலாம் என்று நினைத்தேன். பக்கத்து மேசையில் இருந்த சிவகுமார் எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, “போதும் அக்கா” என்று சொல்லும் வரைக்கும் கதைத்தேன்.

ஏறியவர்களில் பாதிக்கும் குறைவானவர்கள்தான் உயிரோடு கரைக்கு வந்தார்கள். நசீர் நானா வரவில்லை. தன்னுடைய ஜாக்கெட்டைக் கழற்றி ஒரு தாய்க்குக் கொடுத்தார் என்று தப்பியவர்கள் சொன்னார்கள்.

4. பஸ்ஸில் கேட்ட குரல்

விசாரணை நடந்தது. துறைமுகக் கதை ஓயாமல் கேட்கிறது என்று அந்தக் கப்பலில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிய வந்தது. அதற்குள் கப்பல் சரக்கை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றினார் என்று பிழை முழுவதும் படகோட்டியின் தலையில் விழுந்தது. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை.

எங்கள் அறையில் எல்லாக் கதையும் பதிவாகும். அந்தப் பதிவை விசாரணையில் போட்டுக் காட்டினார்கள். யாரோ அதைப் போனில் பிடித்து வெளியே விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் குச்சவெளிக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். முன் சீட்டில் இருந்தவரின் போனிலிருந்து என் குரல் வந்தது. ‘ஒருத்தர் கையை ஒருத்தர் விடவேண்டாம்...’ அவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார்: “கேட்டியளே அண்ணை? அங்க சனம் சாகுது. இந்த மனுசி கல்லு மாதிரி இருந்து கதைக்குது.”

“சம்பளத்துக்குத்தானே கதைக்கினம்,” என்றார் மற்றவர்.

நான்தான் அது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வழியில் நிலாவெளியிலேயே இறங்கி, வீதியோரத்தில் நின்று அழுதேன். ஆகாயக் கப்பல் எரிந்தபோது அந்த அறிவிப்பாளர் அழலாம். அவருடைய குரலைப் பிடித்துக்கொண்டு ஒருவரும் தண்ணீரில் மிதக்கவில்லை. என்னுடைய குரல் உடைந்திருந்தால், அந்தப் படகில் இருந்த பிள்ளைகளுக்குத்தான் அது முதலில் கேட்டிருக்கும்.

5. ஹாஜரா

சில மாதங்கள் கழித்து, இத்தா என்ற துக்ககாலம் முடிந்ததும், நசீர் நானாவின் மனைவி ஹாஜரா, தன் தம்பி றியாஸையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

“எல்லாரும் எனக்கு அந்தப் பதிவ அனுப்பினாங்க மிஸ். நான் கேக்கல்ல. கேக்கவும் மாட்டன். நீங்க சொல்லுங்க. அவரு பயந்தாரா?”

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “பயந்தவர்,” என்றேன். “ஆனா மற்ற ஆக்களுக்கு அதைக் காட்டேல்லை. சனம் அழாம இருக்கோணும், கதையுங்கோ எண்டு என்னைக் கேட்டவர். அதுதான் கடைசியாச் சொன்னது.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, “எனக்குக் கடைசியாச் சொன்னது, மீனுக்குப் புளி காணாது எண்டு,” என்றார்.

போகும்போதுதான் றியாஸ் இப்போது அதே தொழிலைச் செய்கிறான் என்று தெரிந்தது. “இவனுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க மிஸ்,” என்றார் ஹாஜரா.

சொன்னேன். வகுப்பில் கேட்ட இரண்டு விபத்துகளையும் சொன்னேன். ஒன்றுக்குப் பிறகு சட்டம் வந்ததையும், மற்றதுக்குப் பிறகு அந்தப் பயணமே நின்றதையும் சொன்னேன். றியாஸ் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அது வெள்ளக்காரன்ட கதை மிஸ்,” என்றான் கடைசியில். “அவங்கட ஆக்கள் செத்தா சட்டம் வரும். மச்சானுக்கு என்ன வந்த? பிழை எண்டு பேர் வந்த.”

“நீங்களாவது ஆக்களுக்கு ஜாக்கெட்டைப் போடச் சொல்லலாம் எல்லோ தம்பி?”

“நான் எல்லாருக்கும் வாங்கி வெச்சிரிக்கன் மிஸ். குடுக்கிறன். போட்டா ஃபோட்டோ வடிவா வராது எண்டு கழட்டுறாங்க. கட்டாயப்படுத்தினா அடுத்த படகில ஏறிப் போயிருவாங்க. நான் என்ன செய்ய?”

படலை வரைக்கும் போய் அவர்களை அனுப்பிவிட்டு வந்தேன்.

6. படித்தது

செத்தவர்கள் சும்மா சாகவில்லை என்று விரிவுரையாளர் சொன்னார். அது அந்த இரண்டு விபத்துகளுக்கும் சரி. எங்களுடையதுக்குச் சரியில்லை. புதுச் சட்டம் ஒன்றும் வரவில்லை. பயணமும் நிற்கவில்லை. எது பயம் என்ற அவருடைய கேள்விக்கும் இப்போதென்றால் வேறு பதில் சொல்வேன். கேட்க ஆளில்லாததும் பயம்தான், பார்த்துக்கொண்டு நிற்பதும் பயம்தான். எல்லாரும் கேட்டு, எல்லாரும் பார்த்து, அடுத்த நாள் ஒன்றும் மாறாமல் இருப்பதுதான் பெரிய பயம்.

இந்த வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கூப்பிட்டால் பதில் சொல்லுங்கோ. கேட்கிறவர் இருக்கிறாரோ இல்லையோ, நிதானமாகக் கதையுங்கோ. அதனால் எல்லாரும் தப்புவார்கள் என்று மட்டும் நம்பிவிடாதேயுங்கோ.

ஹாஜரா வந்துபோன அடுத்த நாள் காலையில் எனக்கு வேலை. வெயில் பளிச்சென்று அடித்தது. றியாஸின் படகு எங்கள் கட்டடத்துக்குக் கீழால் வெளியே போனது. யன்னலில் நின்று பார்த்தேன். தகப்பன் ஒருவர் பிள்ளையைத் தூக்கி ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தார், தாய் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். செம்மஞ்சள் ஜாக்கெட்டுகள் எல்லாம் படகின் முன்பக்கத்தில் ஒரு குவியலாகக் கிடந்தன.