கயித்துல வந்த மாப்ள

ஏலே, முதல்லயே சொல்லிருதேன், பாதியில சிரிச்சேன்னா எந்திரிச்சுப் போயிருவேன். நான் பேய் பிசாசை நம்புத ஆளு கிடையாது. எங்க தெருவுல ஒரு பிள்ளைக்கு என்னமோ பிடிச்சிருக்குன்னு ஊரே கூடி நின்னப்போ, ரத்தசோகையா இருக்கும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கய்யான்னு சத்தம் போட்டவன் நான். கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை, கண்டெய்னர், கஸ்டம்ஸ்னு கண்ணுக்குத் தெரியுத விஷயத்தோடதான் எனக்குச் சோலி. அப்படிப்பட்டவன் பட்டப்பகல்ல, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை கண்டுட்டு வந்த கையோட நடந்ததைச் சொல்லுதேன். நம்பினா நம்பு, நம்பாட்டி டீயைக் குடிச்சிட்டுப் போ.

எங்க வீட்டுல வேட்டைன்னா எல்லாத்துக்கும் கிறுக்கு. எங்கப்பா தேரிக்காட்டுல முயல் விரட்டிக்கிட்டுத் திரிஞ்சவரு, சித்தப்பா ஏர்கன்னும் கையுமா புறா பின்னாடியே அலைஞ்சவரு. எனக்கு வாய்ச்சது கடல். தூண்டி போட்டுட்டுத் தூங்குத வேலையில்ல, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடிச்சு முங்கிப் போய் மீனை ஈட்டியால சுடுறது. தேக்குக் கட்டையில ரப்பரை இழுத்து மாட்டின துப்பாக்கி, இங்கன பட்டறையில சொல்லிச் செஞ்சது. ஈட்டி இறங்கினதும் மீனு துடிக்கிற துடிப்பு கை வழியா நெஞ்சு வரைக்கும் ஏறும் பாரு, அந்தச் சந்தோஷமே தனி. நான், என் தங்கச்சி ஜெசி வீட்டுக்காரன் மில்ட்டன், வள்ளம் வச்சிருக்க சேக்காளி சகாயம், மூணு பேரும் ஞாயித்துக்கிழமைன்னா கடல்லதான் கிடப்போம். வெறுங்கையோட திரும்பினா வீட்டுப் பொம்பளைக நக்கலடிச்சே கொன்னுருவாளுக.

எங்க ஆளுகளுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. முத்துக்குளிச்ச காலத்துல இருந்தே, உள்ள போறவனோட கயித்தை மேல நின்னு பிடிக்கிறது அவன் பொண்டாட்டி கூடப் பிறந்தவனாத்தான் இருக்கணும். அண்ணன் தம்பி கூடப் பிடிக்கப்படாது. அண்ணன் தம்பிக்குச் சொத்து மேல கண்ணு போகலாம், தங்கச்சி தாலியறுக்க எவனும் கயித்தை விடமாட்டான்லா. இப்போ எவனும் அதெல்லாம் பார்க்கதில்ல, ஆனா நாங்க பார்த்தோம். மில்ட்டன் இடுப்புல முடிச்சுப் போடுதது நான், மேல கயித்தைப் பிடிக்கது நான். தூக்கணும்னா அவன் இழுக்குத இழுப்பு எனக்கு மட்டும்தான் தெரியும். சடசடன்னு ரெண்டு, கொஞ்சம் விட்டு ஒண்ணு. கலியாணம் முடிஞ்ச மாசத்துல இருந்து என் உள்ளங்கைக்குப் பழகின இழுப்பு அது.

அன்னைக்கு ஜெசி வயித்துல பிள்ளை. கிளம்பும்போது வாசல்ல நின்னுக்கிட்டு, "அண்ணே, இவுகளை ரொம்ப நேரம் முங்க விடாத" அப்படின்னா. சரிளான்னு சொல்லிட்டுத்தான் போனேன்.

கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்துல ஒரு பாரு இருக்கு. பாருன்னா கடலுக்கடியில பாறை, அதுலதான் பெரிய மீனெல்லாம் பொந்து வச்சுக் கிடக்கும். போனதுமே மில்ட்டன் ஒரு கடவிரால் மீனை அடிச்சுட்டான். வள்ளத்துல போட்டதும் அது துள்ளின துள்ளுல சகாயம் கால்ல வாலால ஒரு வீச்சு. அவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கிட்டே மரக்கட்டையை எடுத்து அது தலையில சாத்து சாத்துன்னு சாத்தினான். மூளை தெறிச்சு என் சட்டையில ஒட்டிச்சு, மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அந்தச் சிரிப்பை இப்போ நினைச்சாலும் ஒரு மாதிரியா இருக்கு.

அடுத்து மில்ட்டன், கீழ ஒரு களவா மீனு கிடக்கு மச்சான், ஆள் உசரம் இருக்கும்னுட்டு மறுபடி முங்கினான். கொஞ்ச நேரத்துல கயிறு விறுவிறுன்னு ஓட ஆரம்பிச்சுது. உள்ளங்கைத் தோலை உரிச்சுக்கிட்டுப் போகுது, தண்ணி கலங்கி ரத்தமா மேல வருது. சரி, அடிச்சுட்டான், மீனு இழுக்குன்னு கால் ரெண்டையும் முட்டுக் கொடுத்துப் பிடிச்சேன்.

அப்போ எனக்குப் பின்னாடி எஞ்சின் பக்கம் சத்தம் கேக்கு. திரும்பிப் பார்த்தா மில்ட்டன். வள்ளத்து விளிம்பைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுச் சிரிக்கான். கண்ணாடி இல்ல, இடுப்புல கயிறு இல்ல. "மச்சான், அறுத்து விடு. களவா கயித்தைச் சுத்திக்கிட்டுப் பொந்துக்குள்ள போயிருச்சு, நான் கழத்திட்டு வந்துட்டேன்" அப்படிங்கான். சகாயம் தோளைப் பிடிச்சு அவனை உள்ள இழுத்துப் போட்டான்.

எனக்குப் பெருமூச்சு வந்துச்சு பாரு, அந்த நேரத்துலதான் கயிறு இழுத்துச்சு. சடசடன்னு ரெண்டு. கொஞ்சம் விட்டு ஒண்ணு.

மீனு அப்படியா இழுக்கும்? மறுபடியும் அதே மாதிரி, இந்தத் தடவை வேகமா, சாகப்போறவன் இழுக்குத மாதிரி. வள்ளத்துல இருக்கவனைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள கிடந்து வந்தவன் நாய் மாதிரி இரைக்கணும்லா, இவனுக்கு மூச்சே வாங்கல. "அறுடே"ன்னுட்டு மீன் வெட்டுத கத்தியை எடுத்துக்கிட்டு வாரான். வேண்டாம்லேன்னு கத்தினேன். அவன் கயித்துல வீசின வீச்சு என் முழங்கையில இறங்கிச்சு. இந்தா பாரு, தழும்பு.

அதுக்குப் பொறவு எனக்குப் புத்தி வேலை செய்யல. ஒத்தக் கையில கயிறு, இன்னொரு கையில காலடியில கிடந்த கட்டை. ஓங்கி வாயிலயே அடிச்சேன். உதடு கிழிஞ்சு பல்லு தெரிஞ்சுது. அவன் மண்டி போட்டுட்டு, "மச்சான், நான்தாம்லே, ஜெசி மேல சத்தியமா நான்தான்"னு கையெடுத்துக் கும்பிட்டான். என் தங்கச்சி பேரைச் சொல்லிக் கும்பிடுதவனை அடிக்க எனக்குக் கை வருமான்னு நீ கேக்கலாம். வந்துச்சு. கீழ இழுக்குத இழுப்பு தொய்ஞ்சுக்கிட்டே போகுது, கீழ கிடக்கவன் செத்துருவான்னு பயம். நெத்தியில ஒண்ணு, காதோட சேர்த்து ஒண்ணு. எலும்பு நொறுங்குத சத்தம் எனக்கே கேட்டுச்சு. எட்டி நெஞ்சுல ஒரு மிதி விட்டேன், வள்ளத்தைத் தாண்டி மல்லாக்கத் தண்ணியில விழுந்தான். சகாயம், "கொலைகாரப் பாவி"ன்னு அலறிக்கிட்டுத் துடுப்பால என் முதுகுல போட்டான். நான் திரும்பிக்கூடப் பார்க்கல, கயித்தை இழுத்துக்கிட்டே இருந்தேன்.

வந்தது மில்ட்டன். கண்ணாடி மூஞ்சியிலயே இருக்கு, இடுப்புல நான் போட்ட முடிச்சு இறுகிக் கிடக்கு, கத்தி வச்சுத்தான் அறுக்க முடிஞ்சுது. உதடு நீலம் பாரிச்சு மூச்சில்ல. நெஞ்சைக் குத்தி, வாயில ஊதி, மாதாவே மாதாவேன்னு அழுதுக்கிட்டே குத்தினேன். கடைசியில தண்ணியைக் கக்கிட்டுக் கண்ணைத் தொறந்தான். என்னைப் பார்த்ததும் ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிட்டு, "அடிக்காத மச்சான்" அப்படின்னான்.

அவன் உடம்புல ஒரு கீறல் கிடையாது, உதடு கிழியல, ஒரு பல்லு ஆடல. ஆனா சகாயம் சட்டை பூரா ரத்தம். அந்த இன்னொருத்தனைத் தேடி வள்ளத்தை எத்தனையோ சுத்து சுத்தினோம், ஒண்ணையும் காணோம். அடிச்ச களவாவும் மிதக்கல. சகாயம் அன்னையோட வேட்டையை விட்டுட்டான். ரெண்டு மில்ட்டனைப் பார்த்தேன்னு பைபிள் மேல கை வச்சுச் சொல்லுவான், வேணும்னா போய்க் கேளு.

டாக்டர் என்ன சொன்னாருன்னா, மூச்சு முட்டினா மூளை என்னத்தையாவது காட்டும், பயப்படாதீங்கன்னுட்டாரு. நானும் அப்பாடான்னு இருந்தேன். ஆனா மில்ட்டனுக்குக் கடலுக்கடியில நடந்தது ஒண்ணுமே ஞாபகம் இல்ல, வள்ளத்துல நடந்தது அத்தனையும் ஞாபகம் இருக்கு. சகாயம் தோளைப் பிடிச்சுத் தூக்கினது, நான் எந்தக் கையால அடிச்சேங்கது, ஜெசி மேல சத்தியம் பண்ணினது. பாருக்கு அடியில கிடந்தவனுக்கு இதெல்லாம் எப்படிடே தெரியும்? ராத்திரி உறக்கத்துல மூஞ்சியை மறைச்சுக்கிட்டு அழுதாருண்ணே, இவரை நீ என்ன செஞ்சன்னு ஜெசி என்கிட்ட கேக்கா. நான் என்னத்தைச் சொல்ல? உன் புருஷனைக் காப்பாத்தத்தான் அடிச்சேன்னா?

போன வாரம் அவுக வீட்டுக்குப் போயிருந்தேன். ஜெசி அடுப்படியில நின்னா. மில்ட்டன் பிள்ளையை மடியில போட்டுத் தட்டிக்கிட்டே, சத்தத்தைக் குறைச்சுப் பேசினான். "நீ மிதிச்சதும் நான் கீழ போயிக்கிட்டே இருந்தேன் மச்சான். கயிறு பக்கத்துலதான் தெரிஞ்சுது, எவ்வளவோ எட்டிப் பார்த்தேன், என் கைக்குக் கிடைக்கவே இல்ல. கிடைக்கலேன்னா, நீ மேல தூக்கினது யாரை?"

நீதாம்லே, வேற யாருன்னு சொன்னேன். சொல்லிட்டுப் பிள்ளையை அவன் மடியில இருந்து எடுத்து என் தோள்ல போட்டுக்கிட்டேன். ஜெசி வந்து, உறங்குத பிள்ளையை எதுக்குண்ணே எழுப்புதன்னு கேட்டா, நான் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.