மூன்றாவது குடம்

எங்கள் தெருவின் குடிநீர் சுத்தமானது என்று அரசாங்கம் எழுத்தில் கொடுத்ததற்கு நான்தான் காரணம்.

பெங்களூரு மர்பி டவுனில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். அந்த மழைக்காலத்தில் தண்ணீருக்கு முன்னால் நாற்றம் வந்தது. சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் தரைக்கடியில் எங்கோ சம்பந்தம் பேசி முடித்துவிட்டதாகத் தெருவே சொன்னது. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. ஒரே மாதத்தில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு. கொதிக்கவைத்தேன், வடிகட்டினேன், கொதிக்கவைத்ததை மறுபடி கொதிக்கவைத்தேன். போதுமான நேரம் கொதித்ததா என்ற சந்தேகம் மட்டும் ஆவியாகவில்லை.

பத்து வீட்டுக் கையெழுத்தோடு புகார் எழுதினேன். மூன்றாவது புகாருக்குக் குடிநீர் வாரிய இன்ஸ்பெக்டர் வந்தார், தண்ணீர் வராத நாளில். குழாயைத் திறந்தார். காற்று வந்தது. அதில் குறை காண ஒன்றுமில்லை. பையிலிருந்து மூடி போட்ட ஒரு பாட்டிலை எடுத்தார்.

"நாளைக்குத் தண்ணி பிடிச்சு வைங்க மேடம், ஆள் வந்து வாங்கிப்பான். லேப் ரிப்போர்ட் இல்லாம ரோட்டைத் தோண்ட முடியாது."

"படிச்ச பொண்ணு, அதுகிட்டயே குடுங்க சார்," என்றார் கீழ் வீட்டு அக்கா. ஐடி கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை அவருக்கு. தெருவின் சட்டம் ஒழுங்கும் அவர் பொறுப்பில்தான்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் இரண்டு குடம் வாசல் கழுவ. நாற்றம் அடங்கி வரும் மூன்றாவது குடம்தான் சமையலுக்கு. மறுநாள் காலை நானும் இரண்டு குடத்தை வாசலில் ஊற்றினேன். மூன்றாவதை முகர்ந்து பார்த்து, திருப்தியான பிறகே பாட்டிலை நிரப்பினேன். மூடியைத் திறக்கும்போது உள்ளே விரல் பட்டுவிட்டதோ என்று நான்கு நாள் கவலைப்பட்டேன். என் விரலால் தெருவுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டால்?

ரிப்போர்ட் போனுக்கு வந்தது. குடிக்க உகந்தது. புகார் முடித்துவைக்கப்பட்டது. அன்று காலைதான் மகளுக்கு மூன்றாம் முறையாக ஆரம்பித்திருந்தது. ஒரு கையில் அவள் டயப்பர், மறு கையில் ரிப்போர்ட். இரண்டில் எது பொய் சொல்கிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்போதுதான் அந்த மூன்றாவது குடம் ஞாபகம் வந்தது. கீழே ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"அடிப்பாவி! நாறுதுன்னு நிரூபிக்கச் சொன்னா, நல்ல தண்ணியாப் பொறுக்கிக் குடுத்திருக்கியே!"

"கவர்மென்டுக்குப் போய் நாத்தத் தண்ணிய எப்படிக்கா குடுக்கறது?"

"அவங்க மட்டும் நமக்குக் குடுக்கலாமா?"

பொய்ப் புகார் என்று எழுதிவிடுவாரோ என்ற பயத்தோடு இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அவர் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார்.

அடுத்த முறை தண்ணீர் வந்த காலையில் அவரே வந்து நின்றார். "நீ குழந்தையைத் தூக்கிக்கோ, ரெண்டு கையும் வேலையா இருக்கட்டும்," என்று அக்கா என்னைக் குழாயிலிருந்து தள்ளி நிறுத்தினார். குழாய் இருமிவிட்டுக் கொட்டத் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டே பாட்டிலை நிரப்பினார். எனக்கு அந்த முகம் ஒன்றே போதும். அரசாங்கத்துக்குப் போதாதாம், லேபுக்கு அனுப்பினார்கள்.

குடிக்கத் தகுதியற்றது என்று வந்தது. "பாஸாயிட்டோம்டி!" என்று அக்கா சந்துக்கே கேட்கும்படி கத்தினார். எதிர் வீட்டில் கேசரி கிளறினார்கள். அதற்கு எந்தத் தண்ணீர் என்று கேட்க வாயெடுத்தேன், அக்கா முறைத்தார்.

அந்த வாரமே ரோட்டைத் தோண்டி, உடைந்த இரண்டு குழாய்களையும் மாற்றினார்கள். அடுத்த முறை வந்த முதல் குடத்தை முகர்ந்தேன். ஒன்றுமில்லை. மகளிடமிருந்தும் அந்த மாதம் புகார் வரவில்லை. ஆனாலும் அவளுக்கு இன்றுவரை மூன்றாவது குடம்தான், இரண்டு முறை கொதித்தது.