மூன்று மில்லி

இன்ஸ்பெக்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெடல் அச்சிலிருந்து சீட்டுக்குழாயின் உச்சி வரை தன் சொந்த டேப்பைப் பிடித்துப் பார்க்கிறார். விரலால் அந்த இடத்தை அழுத்தியபடி எழுந்திருக்காமலே தலையைத் தூக்குகிறார்.

"மூணு மில்லி இடிக்குதே."

ஃபிரேம்காரர் கையிலிருந்த அரத்தைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, தன் டேப்பை எடுத்துவந்து அதே இடத்தில் வைக்கிறார். அளவு சரியாக இருக்கிறது.

"உங்க டேப்பு நுனியில வளைஞ்சிருக்கு சார்."

"இது கவர்ன்மென்ட் டேப்பு."

"அதான் வளைஞ்சிருக்கு."

அடுத்த சனிக்கிழமை அவர் புது டேப்போடு வருவார். அதற்கு அடுத்த சனிக்கிழமை ரசமட்டத்தோடு.

ஃபிரேம்காரரின் பட்டறை ஒரே ஒரு அறைதான். முன்பக்கம் பாதி ஏற்றிய ஷட்டர், பின்பக்கம் ஒரு கதவு, கதவுக்கு அப்பால் முற்றம். சுவர் முழுக்க அரங்கள். நடுவில் ஃபிரேமைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கி. ஒருவருடைய உடம்பை அளந்து, அதற்கேற்பக் குழாய்களை வெட்டி, பித்தளையை உருக்கி ஒட்டி, அவருக்கென்று ஒரு சைக்கிள் செய்து தருவது அவர் தொழில். தாங்கியில் ஒரு சமயத்தில் ஒரு ஃபிரேம்தான் இருக்கும். அது வெளியே போகாமல் அடுத்த குழாயை அவர் தொடமாட்டார். இன்ஸ்பெக்டருடைய ஃபிரேம் ஏழு மாதமாக அங்கே இருந்தது. அடுத்தது என்னுடையது.

நின்றால் இன்ஸ்பெக்டர் ஆறடி. உட்கார்ந்தால் நம் உயரம்தான். கால்கள் அவ்வளவு நீளம், உடல் அவ்வளவு குட்டை. ஓய்வு பெற்றுவிட்டார் என்றாலும் சட்டைப்பையில் இரண்டு பேனா இருக்கும், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. தெருவில் இடது ஓரமாகவே நடப்பார். வண்டி எதுவும் வராத முச்சந்தியிலும் நின்று, பார்த்து, பிறகே கடப்பார். அவருக்குப் பின்னால் வருபவர்கள் அவர்மேல் மோதிக்கொள்வது உண்டு.

முப்பத்தொரு வருடம் அவர் ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களுக்குச் சோதனை வைத்தவர். மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு பெரிய எட்டு வரைந்திருக்கும். இரண்டு சக்கர வண்டியில் வருகிறவர்கள் அதன்மேல் தரையில் கால் ஊன்றாமல் ஒரு சுற்று வரவேண்டும். இன்ஸ்பெக்டர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நிமிர்ந்து பார்க்கிற மாதிரியே தெரியாது. செருப்பு நுனி தரையை உரசியிருக்கும், அவ்வளவுதான். "கால் பட்டுடுச்சு. அடுத்த ஆளு." இதைச் சொல்லும் குரலில் கோபமும் இருக்காது, வருத்தமும் இருக்காது. ஊரில் அவருக்கு 'அடுத்த ஆளு' என்றே பெயர். என்னை இரண்டு முறை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அது அவருக்கு நினைவில்லை. நானும் நினைவூட்டவில்லை. வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவரோடு எதற்கு வம்பு?

அவருடைய சைக்கிளுக்குக் காரணம் அவர் மனைவி. மருத்துவமனையில் செவிலி. எத்தனையோ வருடமாக வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறார். அவரும் இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகு காலையில் இரண்டு பேரும் சேர்ந்து ஏரியைச் சுற்றி வரலாம், ஒன்பது கிலோமீட்டர், என்று அவர் ஒருநாள் சொன்னார். "என் உடம்புக்கு எவன் சைக்கிள் செய்யறான்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வைத்திருந்த வாக்கியம் அது. ஒருமுறைகூட அது அவரைக் கைவிட்டதில்லை. இந்த முறை மனைவி பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டை மேஜைமேல் வைத்தார். அதில் ஃபிரேம்காரரின் விலாசம் இருந்தது.

அளவெடுத்த அன்று வரிசையில் பெயர் கொடுக்க நானும் போயிருந்தேன். இன்ஸ்பெக்டர் கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார். ஃபிரேம்காரர் குந்தி உட்கார்ந்து அளந்தவர், முழங்கால்களுக்கு வந்ததும் டேப்பை விட்டுவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "சைக்கிள் கத்துக்கிட்டவன் முழங்கால்ல ஒரு தழும்பாவது இருக்கும். அவருக்கு ரெண்டும் இப்பதான் கடையில வாங்கினது மாதிரி இருக்கு" என்று பிறகு என்னிடம் சொன்னார். சீட்டில் உட்கார்ந்தால் தன் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னபோதுதான் எழுந்து நின்றார்.

"பதியக்கூடாது சார். நுனிவிரல் பட்டாப் போதும்."

"எனக்குப் பதியணும்."

"சார் கடைசியா எப்ப ஓட்டினீங்க?"

"கொஞ்ச நாளாச்சு."

"கொஞ்ச நாள்னா?"

இன்ஸ்பெக்டர் ஷட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னை ஒரு ஸ்டூலாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"அறுபது வருஷம்னு வெச்சுக்கோங்களேன்."

அவருக்கு வயது அறுபது.

"அப்ப உங்க லைசென்சு?"

"நான் டெஸ்டு குடுத்த அன்னிக்கு நல்ல மழை. ஜீப்ப மட்டும் ஓட்டச் சொன்னாங்க. ரெண்டு சக்கரத்த அப்புறம் பாத்துக்கலாம்னு கையெழுத்து போட்டுட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நானே இன்ஸ்பெக்டர் ஆயிட்டேன்."

"வீட்ல தெரியுமா?"

"தெரிஞ்சா இங்க எதுக்கு வரப்போறேன்?"

ஃபிரேம்காரருக்கு ஒரு விதி உண்டு. செய்து முடித்த சைக்கிளை வாங்க வருகிறவர் பின்முற்றத்தில் அவர் கண்ணெதிரே மூன்று சுற்று ஓட்டிக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் வண்டி வாசலைத் தாண்டாது. ஒருமுறை பழைய வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். மாடியில் இவர் செய்துகொடுத்த சைக்கிள் நின்றிருந்தது, ஹேண்டில்பாரில் ஈரத்துண்டு. அன்றிலிருந்து இந்த விதி. அதை அவர் இன்ஸ்பெக்டரிடம் அப்போதே சொல்லிவிட்டார். ஆறுதலாகவும் ஒன்று சொன்னார்.

"பத்து நாள்ல வந்துடும் சார். இதே முற்றத்துல பழகுங்க, நான் புடிச்சுக்கறேன்."

"வேற வினையே வேணாம். நான் ஃபெயில் போட்டவன்ல பாதிப்பேரு இந்தத் தெருவுலதான் இருக்கான்."

"முற்றத்துக்குச் சுவரு இருக்கு சார்."

"சுவருக்கு மேல மாடி இருக்கு."

அதோடு விட்டிருக்கலாம். அளவுகளைக் கணக்குப் போட்டுப் பார்த்த ஃபிரேம்காரர், "ஒண்ணு உண்மைதான் சார். உங்க காலுக்கும் உடம்புக்கும் கடையில விக்கிற சைக்கிள் எதுவும் பொருந்தாது" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். அதை இன்ஸ்பெக்டர் ஒரு சான்றிதழைப் போல வாங்கிக்கொண்டு போனார். இத்தனை வருடமும் குற்றம் சைக்கிள்களுடையது.

ஆனால் குழாய்கள் ஒட்டப்பட்டு ஃபிரேம் உருவாக உருவாக, அந்தச் சான்றிதழ் செல்லாததாகிக்கொண்டு வந்தது. உலகத்தில் அவருக்குச் சரியாகப் பொருந்தும் ஒரே சைக்கிள் தயாராகிவிட்டால், பிறகு எதன்மேல் பழியைப் போடுவது? டேப்போடு வர ஆரம்பித்தது அப்போதுதான்.

முதல் முறை அவர் சொன்னது நிஜமாகவே சரி. மேல்குழாய் இரண்டு மில்லி கூடுதலாக இருந்தது. ஃபிரேம்காரர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஒட்டியதைச் சூடாக்கிப் பிரித்து, மறுபடி ஒட்டினார். அவருடைய பலவீனம் இன்ஸ்பெக்டருக்குப் பிடிபட்டுவிட்டது. வாடிக்கையாளர் கத்தினால் அவர் காதில் விழாது. மில்லி என்று முணுமுணுத்தால் தூக்கம் வராது. பொய் என்று தெரிந்தும் அளந்து பார்ப்பார். அளந்தால் ஒரு சனிக்கிழமை போய்விடும். மொட்டைக் கடிதம் எழுதி இன்ஸ்பெக்டர் வீட்டு அம்மாவுக்குப் போட்டால் என்ன என்றுகூட நான் யோசித்தேன். விலாசம் தெரியாததால் நல்லவனாக இருந்தேன்.

கடிதம் இல்லாமலே அந்த அம்மா வந்துவிட்டார். போன சனிக்கிழமை வேலை முடிந்து நேராக வந்தவர், தன் பழைய கறுப்புச் சைக்கிளை ஒரே உதையில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். தோளில் பை. கணவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஃபிரேம்காரரிடம் போனார்.

"எங்க வார்டுல ஏழாம் மாசத்துல குழந்தையே பொறந்துடுது தம்பி. உங்களால ஒரு சைக்கிள் பெத்துக் குடுக்க முடியலையா?"

"என் பக்கம் ஒரு பாக்கியும் இல்லக்கா. சார்தான் சொல்லணும்."

சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. கரும்பச்சை. சக்கரம், செயின், பிரேக் எல்லாம் பூட்டியாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் டேப்பை எடுத்து மண்டியிட்டார். பெடல் அச்சிலிருந்து மேலே அளந்தார். மேலிருந்து கீழே அளந்தார். தேவைக்கு மேல் ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். ஏழு மாதத்தில் முதல்முறையாக எனக்கே அது மூன்று மில்லி இடித்தால் தேவலை என்றிருந்தது.

"சரியா இருக்கு" என்றார், குழாயிடம்.

"அப்ப மூணு சுத்து" என்றார் ஃபிரேம்காரர். அவர் முகத்தைப் பார்க்காமல் சீட்டைக் கீழே வரை இறக்கி முடுக்கிவிட்டு, பின்கதவைத் திறந்தார்.

முற்றத்தில் சிமென்ட் தரை, ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. பக்கத்து மாடியில் ஒரு பெண் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்து, முன்பின் தெரியாத மாட்டைக் கூட்டி வருவதுபோல் கூட்டிவந்தார். காலைத் தூக்கிப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு பாதமும் பதிந்தன. பார்க்க மிகப் பொருத்தமாக இருந்தார். அந்த உடம்பு எதற்காகப் படைக்கப்பட்டது என்று அப்போதுதான் விளங்கியது.

"ம், கெளம்புங்க" என்றார் மனைவி.

அவர் கிளம்பவில்லை. போர்வை உதறும் சத்தம் நின்றது.

"பின்னால கொஞ்சம் புடிச்சுக்கறியா?" திரும்பாமலே கேட்டார்.

"எதை?"

"சீட்ட."

"எதுக்கு?"

அந்த அம்மா ஃபிரேம்காரரைப் பார்த்தார். அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன், யாரும் கேட்காமலே.

"கல்யாணமான புதுசுல வாடக சைக்கிள் எடுத்துக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போலாம்னு சொன்னேனே. கால் சுளுக்கிடுச்சுன்னீங்க."

"ம்."

"மூணு நாள் எண்ணெய் போட்டு நீவிவிட்டேன்!"

"ம்."

"எந்தக் கால்ங்க அது?"

"எனக்கே மறந்துபோச்சு."

முப்பத்திரண்டு வருடத்தை ஒரு சிமென்ட் முற்றத்தில் நின்றபடி திரும்ப அடுக்குவது எளிதில்லை. அந்த அம்மா பையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, பின்னால் போய், நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கும் பிடியாகச் சீட்டை இரண்டு கையாலும் பற்றினார்.

"கீழ பாக்காதீங்க. நேராப் பாருங்க. விழுந்தா நான் இருக்கேன், ஏரி எங்கயும் போயிடாது."

மாடியில் இப்போது மூன்று தலைகள். அவற்றில் ஒன்று, "யாரு, அடுத்த ஆளு சாரா?" என்று கேட்டது நன்றாகவே காதில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் மேலே பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தினார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மனைவியின் தோளைத் தாண்டிப் பின்னால் எதுவும் வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டார். பிறகு நான்கு சுவர்களுக்கு நடுவே, தண்ணீர்த் தொட்டியைத் தவிர எதிரே ஒன்றுமே இல்லாத அந்த முற்றத்தில், வலது கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டி, தான் புறப்படப்போவதைக் காட்டினார்.