உப்பு நாச்சிமுத்து கட்டிக் கொடுத்த பொட்டலம்

நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப்பக்கம் போய் நாச்சிமுத்து என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘உப்பு நாச்சிமுத்து’ என்று கேளுங்கள், பால்வாடிப் பிள்ளைகூடக் கை காட்டும். சாயப்பட்டறையின் கெமிக்கல் ஸ்டோரில் மூட்டை தூக்கும் மனிதர். சாயம் துணியில் நன்றாக ஏறுவதற்காகச் சல்ஃபேட் உப்பை அங்கே மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். மாட்டுக்குச் சாணி கட்டிக்கொண்டால் அந்த உப்பில் ஒரு கை அள்ளிக் கரைத்துப் புகட்டுவது சுற்றுவட்டாரத்து வழக்கம். கேட்டவர்களுக்கெல்லாம் நாச்சிமுத்து பொட்டலம் கட்டி வந்து கொடுப்பார். ‘கைராசிக்காரர்’ என்று நாலு பேர் சொன்னால் போதும், மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். நல்ல பெயருக்கு ஆசைப்படுவது ஒரு குற்றமா என்ன?

செல்போன் இன்னும் எல்லோர் கைக்கும் வந்திராத சமயம் அது. பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் ஓடி வந்தாள். புருசன் போன பிறகு பால் ஊற்றிப் பிழைக்கிறவள். இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. அது முதல் நாளிலிருந்து சாணி போடவில்லை, தீவனத்தையும் தொடவில்லை என்றாள். இதென்ன பெரிய விசயம் என்று நாச்சிமுத்து பட்டறைக்குப் போனார். அன்றைக்குப் பார்த்து உப்பு மூட்டைகள் அடுக்கின் அடியில் மாட்டிக் கிடந்தன. முன்னால் வாய் திறந்து ஒரு சாக்கு இருந்தது. மார்க்கரில் ‘ஆக்ஸாலிக்’ என்று எழுதியிருந்தது. உள்ளே பார்த்தால் அதே வெள்ளை, அதே மணல்மணலான பொடி. இதுவும் ஒரு உப்புதான் என்று அள்ளிக் கட்டினார். அவரைப் பொறுத்தவரை ஆசிட் என்றால் கேனில் வரும், மூடியைத் திறந்தால் புகையும். சாக்கில் வருவதெல்லாம் உப்பு. பாவம், இத்தனை வருசமும் அந்தக் கணக்கு அவரை ஏமாற்றியதில்லை.

டீ நேரத்தில் ஓடிப்போய் நஞ்சம்மாளிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், இன்றைக்கு வேறு உப்பு கொடுத்தேன், ஆக்ஸாலிக் என்று சாயம் கலக்கும் டையிங் மாஸ்டர் டேனியலிடம் வாய்விட்டுச் சொன்னார். டேனியலின் முகம் வெளிறிவிட்டது.

“அண்ணா, அது உப்பு இல்லீங்க. துருக்கறை எடுக்கற ஆசிட்டுங்க. விசம்.”

டேனியல் பைக்கை எடுத்தார், நாச்சிமுத்து பின்னால் தொற்றிக்கொண்டார். போகிற வழியெல்லாம் டேனியல் புலம்பிக்கொண்டே சொன்னது இதுதான். ‘இக்’ என்று பெயர் முடிந்தால் ஆசிட். அதே சரக்கு சோடாவோடோ சுண்ணாம்போடோ சேர்ந்து உப்பாகிவிட்டால் ‘ஏட்’ என்று முடியும். சல்ஃபியூரிக் ஆசிட், சல்ஃபேட் உப்பு. அசிட்டிக் ஆசிட், அசிட்டேட் உப்பு. ஹைட்ரோக்ளோரிக் மாதிரி ஒன்றிரண்டு மட்டும் க்ளோரைடு என்று ‘ஐடு’வில் முடியும், சோற்றில் போடுகிற உப்பு அந்த வகை. ‘ஆக்ஸாலிக்’ என்று எழுதிவிட்டு ‘ஆசிட்’ என்கிற சொல்லைச் சோம்பல்பட்டு விட்டது தன் தப்பு என்றும் சொன்னார். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான், பாதிப் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். நாச்சிமுத்து காதில் எல்லாம் விழுந்தது. ஆனால் நெஞ்சு முழுக்கச் செவலைதான் நின்றது.

போய்ச் சேர்ந்தபோது மாடு நுரை தள்ளிக்கொண்டு படுத்துக் கிடந்தது. நஞ்சம்மாள் கரைத்துப் புகட்டியதில் பாதி பாட்டில் உள்ளே போயிருந்தது, மீதியை அது உதைத்துக் கொட்டியிருந்தது. டேனியலே போய் மாட்டு டாக்டரைப் பைக்கில் ஏற்றி வந்தார். டாக்டர் கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்றினார். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் குழாய் விட்டு வயிற்றில் இறக்கினார். சுண்ணாம்போடு சேர்ந்தால் அந்த ஆசிட் கரையாத ஆக்ஸலேட் உப்பாகிவிடும், உடம்பில் மேற்கொண்டு ஏறாது என்றார். தண்ணீரில் கரைகிற ஆக்ஸலேட்டும் விசம்தான், கரையாத உப்பாக மாறினால்தான் மாடு பிழைக்கும் என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் செவலை தள்ளாடி எழுந்து தொட்டியில் வாய் வைத்தது. அப்பாடா என்று எல்லோருக்கும் உயிர் வந்தது. நாச்சிமுத்து ஒன்றையும் மறைக்கவில்லை. தன் கையால்தான் இந்த வினை வந்தது என்று நஞ்சம்மாளிடம் சொல்லித் தலைகுனிந்து நின்றார். அவள் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே பேசினாள்.

“கரைக்கறப்ப நாக்கு நுனில தொட்டுப் பாத்தனுங்க தம்பி. எப்பவும் கசக்கும், இன்னிக்குப் புளிச்சுது. நீங்க குடுத்ததாச்சேன்னு ஊத்திப்போட்டனுங்க.”

நாலு வார்த்தை வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டுத்தறியின் ஓரமாகவே உட்கார்ந்து அழுதார்.

ஊர் இன்னமும் அவரை உப்பு நாச்சிமுத்து என்றுதான் கூப்பிடுகிறது. மாட்டுக்கு உப்புக் கேட்டு யாராவது வந்தால், அவரே முன்னால் நடந்து மாட்டு டாக்டர் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டு வருகிறார்.